நுளம்பின் ஆயுளும் தொற்றின் கணக்கும்

ஒரு தொற்றுநோய் ஊரில் பரவுமா, அடங்குமா என்பதை ஒரே கேள்வியால் அளக்கலாம்: ஒரு நோயாளி குணமடைவதற்குள் அவரிடமிருந்து எத்தனை பேருக்கு நோய் தொற்றுகிறது? விடை ஒன்றுக்கு மேல் என்றால் நோய் பெருகும்; ஒன்றுக்குக் கீழ் என்றால் தேய்ந்து மறையும். அந்த எண் எவற்றால் கூடுகிறது, எதில் கை வைத்தால் குறைகிறது என்று ஆராய்வதே தொற்றுநோய்க் கணிதம். இலங்கையில் அதைக் கற்க மலேரியாவைவிட நல்ல பாடம் இல்லை.

1897இல் செக்கந்தராபாத்தில் நுளம்பின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தவர் ரொனால்ட் ரொஸ். நுளம்பை அடியோடு ஒழிக்க முடியாது, ஆகவே ஒழிப்பு வேலையே வீண் என்று அக்காலத்தில் பலர் வாதிட்டனர். ரொஸ் கணக்கால் பதில் சொன்னார். நுளம்புகளின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே போனால் போதும், மிஞ்சியவை பறந்துகொண்டிருந்தாலும் நோய் நிலைக்காது என்று 1911இல் சமன்பாடுகளோடு எழுதினார்.

1927இல் கெர்மாக், மக்கென்ட்ரிக் இருவரும் மக்களை மூன்று கூட்டமாகப் பிரித்தனர்: நோய் தொற்றக்கூடியவர், நோயுற்றவர், நோயிலிருந்து நீங்கியவர். 1905–06 பம்பாய்ப் பிளேக்கின் வாராந்த இறப்புகளோடு அவர்களது வளைகோடு வியக்கத்தக்க அளவு பொருந்தியது. தொற்றக்கூடியவர்கள் எல்லாரும் தீர்ந்த பிறகுதான் கொள்ளைநோய் ஓயும் என்பதில்லை. அவர்களின் தொகை ஓர் எல்லைக்குக் குறைந்ததுமே இறங்கத் தொடங்கும் என்பது அவர்கள் நிறுவிய உண்மை.

1934–35இல் இலங்கை கண்ட பேரழிவு இந்தப் பிரிவின் பொருளைக் காட்டியது. மழை பொய்த்து மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றின. மணற்படுகையில் தேங்கிய குட்டைகளில் அனோபிலிஸ் குலிசிபேசீஸ் நுளம்பு பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். கேகாலையும் குருநாகலும் கடுமையாக அடிபட்டன. மலேரியாவோடு ஆண்டாண்டாக வாழ்ந்த உலர்வலயத்தாரின் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஈரவலயத்தாரில் பெரும்பாலோர் தொற்றக்கூடியவர்களாகவே இருந்தனர். இதில் மழையும் இடத்துக்கு இடம் வேறு வேலை செய்கிறது: ஈரவலயத்தில் வரட்சி குட்டைகளை உண்டாக்கியது, உலர்வலயத்திலோ மாரிமழைக்குப் பின்னரே காய்ச்சல் கூடும். ஆகவே ஓரிடத்து எண்களை அப்படியே இன்னோரிடத்துக் கணக்கில் இட முடியாது.

1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட், ரொஸ்ஸின் சமன்பாட்டை விரித்தார். நுளம்புகளின் தொகையைப் பாதியாக்கினால் பரவலும் பாதியாகும். கடிக்கும் வீதத்தைப் பாதியாக்கினால் பரவல் காற்பங்காகும்; ஏனெனில் கிருமியை எடுக்க ஒரு கடி, கொடுக்க இன்னொரு கடி வேண்டும். எல்லாவற்றையும் விட வலியது நுளம்பின் ஆயுள். கிருமி நுளம்பின் உடலில் முதிரப் பத்து நாள் ஆகிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு நூறு நுளம்புகளில் 90 பிழைத்தால், பத்தாம் நாள் 35 மிஞ்சும். நாளொன்றுக்கு 60 மட்டுமே பிழைத்தால், ஆயிரத்தில் ஆறுதான் மிஞ்சும். அவற்றின் எஞ்சிய ஆயுளும் சுருங்குவதால், மொத்தப் பரவல் ஏறத்தாழ 280இல் ஒரு பங்காகிவிடுகிறது. வீட்டுச் சுவருக்கு டி.டி.ரி. அடிப்பது பலித்த காரணம் இதுவே. இரத்தம் குடித்த நுளம்பு பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரில் அமரும். அங்கே மருந்து பட்டுச் சாகும். அந்தக் கடியை மருந்து தடுக்கவில்லை. அடுத்தவருக்கு நோய் கொடுக்கவிருந்த கடியைத் தடுத்தது.

1946 முதல் நாடெங்கும் மருந்தடிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் 17 பேர். மருந்தடிப்பு நின்றது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. இங்கே நடந்த தவறு பெரியது, அது கணக்கு முன்கூட்டியே சொல்லக்கூடிய தவறு. நோயாளி இல்லாமையும் நோய் பரவ வழியில்லாமையும் ஒன்றல்ல. நுளம்பும் மனிதனும் பழையபடி இருக்கையில், ஒரு நோயாளியிடமிருந்து தொற்றக்கூடியவர்களின் எண் ஒன்றுக்கு மேலேயே இருந்தது. கிருமி வந்து சேர்வதுதான் பாக்கி.

1999இல் மீண்டும் 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல் நோயுற்றனர். போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும் பாதிப்பு மிகுதி. மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் ஊழியர்கள் அந்தக் காலத்திலும் இரத்தம் சோதித்து, மருந்தடித்து, வலை கொடுத்து வந்தனர். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

ஆனாலும் நுளம்பு போகவில்லை. கிழக்கில் ஆலையடிவேம்பின் வயல் வட்டைகளிலும் அக்கரைப்பற்றின் வாய்க்கால்களிலும் மாரி முடிய நீர் தேங்கத்தான் செய்யும். இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி, மன்னாரில் கிணறுகளிலேயே முட்டையிடுவது கண்டறியப்பட்டது. 2018இல் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த நோயாளியிடமிருந்து உள்ளூரில் ஒருவருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் அது அத்தோடு நின்றது.

மக்டொனால்டின் சமன்பாட்டில் மனிதர் கையில் முழுமையாக உள்ள காரணி ஒன்று உண்டு: நோயாளி சிகிச்சையின்றிக் கழிக்கும் நாட்கள். அவை குறையக் குறையப் பரவலும் குறையும். இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்க நாடுகளிலிருந்தோ திரும்பியவருக்கு ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், போய்வந்த நாட்டின் பெயரை வைத்தியரிடம் முதலில் சொல்லி, அன்றே இரத்தம் சோதிக்கக் கேட்க வேண்டும்.