அத்தா மறக்கிறார், நாம் மறக்கலாமா?

(பேராவூரணி இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாற்பது ஆண்டுகள் கடை நடத்திய பெரியவர் அவர். கணக்கில் ஒரு பைசா தவறாது. ஒருநாள் இஷா முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றவர், தன் வீடு எந்தத் தெருவில் என்று என்னிடம் கேட்டார். தேடி வந்த மகன், "ஏன் அத்தா மானத்தை வாங்குறீங்க?" என்று அதட்டினார். நானோ, "வயசாயிடுச்சு, விடுங்க தம்பி" என்று அனுப்பி வைத்தேன். இருவருமே தவறு செய்தோம்.

அது வெறும் முதுமையல்ல. பிடிவாதமோ ஜின்னின் வேலையோ அல்ல. மூளையைத் தாக்கும் நோய். 1906ல் ஜெர்மன் மருத்துவர் அல்சைமர், மறதி நோயால் இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே புரதப் படிவுகள், உள்ளே நூல் சிக்கியது போன்ற முடிச்சுகள். அணுக்கள் மெல்ல மடிகின்றன, மூளை சுருங்குகிறது. புதிய நினைவைப் பதியும் பகுதியே பெரும்பாலும் முதலில் கெடுகிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்டதை மறந்தவர், இளமையில் பினாங்கில் பார்த்த வேலையை ஒன்றுவிடாமல் சொல்கிறார். நடிக்கிறார் என்று எண்ணாதீர்கள்!

2023ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினர், சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயாளிகள்.

தாயத்துக் கட்டி நாளைக் கடத்தாதீர்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பி12 சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் கூட மறதி தரும், அவற்றைச் சரிசெய்யலாம். அல்சைமரை அடியோடு குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. சிரமத்தைச் சிறிது காலம் குறைக்கும் மருந்துகள் உண்டு.

வணிகர்களே! நினைவு தவறிய தந்தையின் கையைப் பிடித்துப் பத்திரத்தில் ரேகை வைத்து, சகோதரிகளின் பங்கை விழுங்காதீர்கள். தெளிந்த அறிவில்லாதவர் செய்யும் ஒப்பந்தம் மார்க்கத்திலும் செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படியும் செல்லாது.

வெளிநாட்டில் உழைக்கும் இளைஞர்களே! பணம் அனுப்பினால் கடமை முடிந்துவிடாது. இரவெல்லாம் விழித்திருந்து அவரைப் பார்ப்பவர்கள் வீட்டுப் பெண்கள். ஊருக்கு வரும்போதாவது அந்த இரவுகளை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இப்போதே கட்டுப்படுத்துங்கள், சிகரெட்டை விடுங்கள். நாளை இந்நோய் நமக்கு வரும் வாய்ப்பை அது குறைக்கும்.

தொழுகையில் ரக்அத் தவறுகிறாரே என்று அதட்டாதீர்கள். அறிவு நீங்கியவர் மீது கடமையில்லை என்பது மார்க்கச் சட்டம். அவர் மீதிருந்த கடமை நீங்கியது. நம் மீதுள்ள கடமை நீங்கவில்லை!