யார் ஆடலாம்? யாரோடு ஆடலாம்?



தோட்டத் திடலில் மாலை நேரத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஆட்டம் தொடங்குமுன்பே அங்கே ஒரு சச்சரவு தொடங்கிவிடும். "அவன் எங்கள் தோட்டத்துப் பையன் இல்லை, அவனைச் சேர்க்கக் கூடாது" என்பான் ஒருவன். "அந்தப் பக்கம் எல்லாரும் பெரிய பையன்கள், நாங்கள் ஆட மாட்டோம்" என்பான் இன்னொருவன். பிள்ளைகளின் சண்டை என்று நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால், யார் ஆடலாம், யாரோடு ஆடலாம் என்ற இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடி, அமெரிக்கக் கல்லூரிகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் எழுதிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்த ஆட்டம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். அமெரிக்கர் காற்பந்து என்று சொல்வது நம் பிள்ளைகள் ஆடும் காற்பந்து அன்று. பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூர்மையாக நீண்டிருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், வீசலாம், உதைக்கவும் செய்யலாம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். பந்தை வைத்திருப்பவரை மோதித் தள்ளிக் கீழே வீழ்த்துவது ஆட்டத்தின் ஒரு பகுதி. ஆகவேதான் ஆட்டக்காரர்கள் தலைக்கவசமும் தோளில் கனத்த பட்டைகளும் அணிகிறார்கள். இத்தகைய ஆட்டத்தில் வலிமை மிக்க குழுவோடு வலிமையற்ற குழுவை மோதவிட்டால், தோல்வியோடு போகாது, எலும்பும் முறியும்.

தொடக்க காலத்தில் இதற்குக் கட்டுப்பாடே இல்லை. 1896ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். லஃபாயெட் என்ற சிறு கல்லூரி, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பெரிய குழுவோடு மோத வேண்டியிருந்தது. அந்தப் பெரிய குழு தொடர்ந்து 36 ஆட்டங்களில் வென்று நின்றது. அப்போது மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஃபீல்டிங் யோஸ்ட் என்ற பலசாலி, திடீரென்று லஃபாயெட் கல்லூரியின் மாணவராகிவிட்டார். லஃபாயெட் 6க்கு 4 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடிந்தது, சில நாட்களில் யோஸ்ட் தம் பழைய பல்கலைக்கழகத்துக்கே திரும்பிவிட்டார்! பின்னாளில் அவர் பெரும் புகழ்பெற்ற பயிற்றுநரானார் என்பது வேறு கதை. அந்தக் காலத்தில் இப்படி ஊர் ஊராகச் சென்று ஆடியவர்கள் பலர் இருந்தார்கள். பெயர்தான் மாணவர், பாடப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை.

ஆட்டத்தின் முரட்டுத்தனமும் எல்லை மீறியது. இளைஞர்கள் திடலிலேயே உயிரிழந்தார்கள். 1905ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூசவெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். 1906இல் கல்லூரிகள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தன. அதுதான் இன்று என்.சி.ஏ.ஏ. என்று அழைக்கப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்.

ஆயினும், சங்கம் அமைத்த மறுநாளே நியாயம் பிறந்துவிடுமா? பத்து ஆண்டுகள் கழித்து நடந்ததைச் சொல்கிறேன்.

டென்னசி மாநிலத்தில் லெபனான் என்ற ஊரில் கம்பர்லேண்ட் என்ற சிறு கல்லூரி. 1916இல் அது தன் காற்பந்துக் குழுவையே கலைத்துவிட்டது. ஆனால், அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா டெக் கல்லூரியோடு ஆடுவதற்கு முன்னரே ஒப்பந்தம் செய்திருந்தது. ஆட வராவிட்டால் 3,000 அமெரிக்க வெள்ளி இழப்பீடு கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் அது ஒரு சிறு கல்லூரியால் தாங்கக்கூடிய தொகையன்று. ஜார்ஜியா டெக் பயிற்றுநர் ஜான் ஹைஸ்மன் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்கு ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. அதே ஆண்டில் முன்னதாக நடந்த பேஸ்பால் போட்டியில் கம்பர்லேண்ட் 22க்கு 0 என்று அவர் குழுவைத் தோற்கடித்திருந்தது. மாணவரல்லாத, கூலிக்கு ஆடும் ஆட்டக்காரர்களை உள்ளே புகுத்தித்தான் அப்படி வென்றார்கள் என்பது அவர் தரப்பினரின் குற்றச்சாட்டு.

குழு இல்லாத கல்லூரி என்ன செய்யும்? மாணவர் சிலரைத் திரட்டி அட்லாண்டாவுக்கு அனுப்பியது. 1916 அக்டோபர் 7ஆம் நாள் ஆட்டம் நடந்தது. முதல் பாதி முடியும்போது ஜார்ஜியா டெக் 126; கம்பர்லேண்ட் 0. இரண்டாம் பாதியின் நேரத்தைக் குறைத்தார்கள். அப்படியும் இறுதிக் கணக்கு 222க்கு 0! அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் இதைவிடப் பெரிய வித்தியாசத்தில் ஓர் ஆட்டம் முடிந்ததில்லை.

நேயர்களே, இதில் வென்றவர் யார்? பேஸ்பால் போட்டியில் தகுதியற்றவர்களைச் சேர்த்ததாக எழுந்த கோபத்துக்கு விலை கொடுத்தவர்கள், அந்தத் தவற்றோடு தொடர்பே இல்லாத மாணவர்கள். யார் ஆடலாம் என்ற கேள்வியில் பிழை நேர்ந்தால், யாரோடு ஆடலாம் என்ற கேள்வியிலும் அது வந்து முடிகிறது. இந்த இரண்டு கேள்விகளும் ஒரே கயிற்றின் இரு நுனிகள்.

இனி, இன்றைய சிறு கல்லூரிகளின் நிலையைப் பார்ப்போம். 1973இல் சங்கம் தன் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. முதல் பிரிவில் பெரிய பல்கலைக்கழகங்கள். இலட்சம் பேர் அமரும் அரங்குகள், தொலைக்காட்சி வருமானம் எல்லாம் அங்கேதான். 2025 ஜூலை முதல் அங்கே கல்லூரியே ஆட்டக்காரருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி ஏற்பட்டுவிட்டது. மூன்றாம் பிரிவில் இருப்பவை பெரும்பாலும் சிறு கல்லூரிகள். எண்ணிக்கையில் இதுவே மிகப் பெரிய பிரிவு. 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதில் உள்ளன.

இந்த மூன்றாம் பிரிவின் தலையாய விதி இதுதான்: விளையாட்டுக்காக எவருக்கும் உபகாரச் சம்பளம் கொடுக்கக் கூடாது. குடும்ப வருமானம் குறைவு என்பதற்காக உதவி கொடுக்கலாம். படிப்பில் சிறந்தவர் என்பதற்காகக் கொடுக்கலாம். பந்தை நன்றாக வீசுகிறார் என்பதற்காகக் கொடுக்கக் கூடாது.

கேட்கும்போது இது கொடுமையான விதிபோலத் தோன்றும். திறமையுள்ள ஏழைப் பையனுக்கு உதவினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் மறுபுறத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவனின் கல்லூரிக் கட்டணம் அவனுடைய காலை நம்பியிருந்தால், கால் முறியும் நாளில் படிப்பும் சேர்ந்து முறியும். பயிற்றுநருக்குப் பிடிக்காமற்போனாலும் அதே கதிதான். மூன்றாம் பிரிவில் அந்த அச்சம் இல்லை. காயம்பட்டு ஆட்டத்தை நிறுத்தினாலும், விருப்பமின்றி விலகினாலும், அதற்காக அவனுக்குக் கிடைக்கும் உதவி குறைவதில்லை. பந்து வேறு, படிப்பு வேறு என்று அந்த விதி இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது.

அடுத்த விதி காலத்தைப் பற்றியது. ஒரு மாணவர் நான்கு ஆட்டப் பருவங்கள் ஆடலாம். அதை, முழு நேர மாணவராகப் படிக்கும் முதல் பத்து அரையாண்டுத் தவணைகளுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். முதல் பிரிவில் நெடுங்காலமாக இருந்து வந்த விதி வேறு. அங்கே கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் ஐந்து ஆண்டுகள் என்று நாட்காட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாம் பிரிவிலோ, படிக்கும் தவணைகள்தாம் கணக்கில் சேரும். தந்தைக்கு நோய் வந்து, குடும்பத்தைக் காப்பதற்காக ஒரு பையன் ஓராண்டு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனால், அந்த ஓராண்டு அவன் கணக்கில் ஏறாது. உழைக்கும் குடும்பங்களின் நிலையை அறிந்து எழுதிய விதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவற்றோடு, தவணைக்குக் குறைந்தது 12 பாட அலகுகள் எடுத்து முழு நேரமாகப் படிக்க வேண்டும்; படிப்பில் முன்னேறிக்கொண்டும் இருக்க வேண்டும். இன்று ஒரு யோஸ்ட் வந்து ஒரு வாரம் மாணவராக இருந்துவிட்டுப் போக முடியாது.

சரி, விதிகளையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஆட்டம் நியாயமாகிவிடுமா? அதுவும் போதாது என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உண்டு.

மினசோட்டா மாநிலத்தில் சிறு கல்லூரிகள் சில 1920 முதல் ஒரு கூட்டணியாக ஆடி வருகின்றன. அதைத் தொடங்கியவற்றுள் செயின்ட் தாமஸ் கல்லூரியும் ஒன்று. காலப்போக்கில் செயின்ட் தாமஸ் வளர்ந்து பல்கலைக்கழகமாயிற்று. இளநிலை மாணவர் மட்டுமே 6,000க்கும் அதிகம். உடன் இருந்த கல்லூரிகள் பலவற்றில் அதில் பாதிகூட இல்லை. 2017 அக்டோபரில் செயின்ட் தாமஸ், செயின்ட் ஓலஃப் என்ற கல்லூரியை 97க்கு 0 என்று வென்றது. இங்கே யாரும் ஏமாற்றவில்லை. ஆடியவர் எல்லாரும் தகுதியுள்ள மாணவர்களே. ஆயினும் அதை ஆட்டம் என்று சொல்ல முடியுமா?

2019 மே மாதத்தில் கூட்டணி ஒரு முடிவை அறிவித்தது. செயின்ட் தாமஸ் வெளியேற வேண்டும்; 2021 வரை தவணை. எந்த விதியையும் மீறாத ஓர் உறுப்பினரை, ஏறத்தாழ நூறு ஆண்டு உறவை அறுத்து வெளியே அனுப்புவதா என்று பலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்திலும் நியாயம் இருந்தது. வென்றதைத் தவிர அவர்கள் செய்த பிழை என்ன? ஆனால் மற்றக் கல்லூரிகளின் நிலை வேறு. தங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் மோதி நசுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவர்களால் இயலவில்லை.

அதன் பிறகு நடந்தது கவனிக்கத் தக்கது. செயின்ட் தாமஸ் சிறப்பு அனுமதி பெற்று, மூன்றாம் பிரிவிலிருந்து நேராக முதல் பிரிவுக்கே சென்றது. காற்பந்துக்கு உபகாரச் சம்பளம் கொடுக்காத ஒரு கூட்டணியில் சேர்ந்தது. 2022இல், அங்கே தன் இரண்டாம் பருவத்திலேயே, முதலிடத்தையும் பிடித்தது. தனக்கு ஏற்ற துணை கிடைத்தபோது அதன் வெற்றிக்கும் மதிப்பு வந்தது. பின்னால் நின்ற சிறு கல்லூரிகளின் ஆட்டத்துக்கும் உயிர் வந்தது.

ஏற்ற துணை அமைந்தால் ஆட்டம் எவ்வளவு காலம் நிலைக்கும் தெரியுமா? இண்டியானா மாநிலத்தில் வாபாஷ், டிபா என்று இரண்டு சிறு கல்லூரிகள். அவை முதன்முதலில் மோதியது 1890இல். 1932 முதல், மோனான் இரயில் நிறுவனம் வழங்கிய இரயில் எஞ்சின் மணி ஒன்றே வெற்றியாளருக்குப் பரிசு. பணம் இல்லை, ஒரு பழைய மணிதான். அதை ஓராண்டு வைத்திருக்கும் பெருமைக்காக மாணவர்கள் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். இன்றுவரை இரு பக்கத்து வெற்றிகளின் எண்ணிக்கையும் நெருங்கியே நிற்கிறது. இன்னார்தாம் வெல்வார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால்தான் அந்த மணிக்கு இத்தனை மதிப்பு.

நேயர்களே, அந்த ஆட்டம் நம் ஆட்டம் அன்று. அந்தக் கல்லூரிகளும் நமக்குத் தொலைவானவை. ஆனால் அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது நம் பெற்றோர்களுக்கும் பயன்படும்.

உங்கள் பிள்ளை நன்றாக விளையாடுகிறானா? மகிழுங்கள்; ஊக்கம் கொடுங்கள். அவனுக்கு ஒரு வயதைக் குறைத்துச் சொன்னால் குழுவில் இடம் கிடைக்கும் என்று யாராவது வந்து சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிக் கிடைக்கும் கோப்பை, எதிரே நிற்கும் ஒரு சின்னப் பையனிடமிருந்து பறித்தது. உங்கள் மகனைவிட உருவத்திலும் வயதிலும் மிகப் பெரியவர்களோடு அவனை மோதவிட்டால், "என் பிள்ளை இதில் ஆடமாட்டான்" என்று எழுந்து சொல்லவும் தயங்காதீர்கள். அது கோழைத்தனம் ஆகாது. சுவர் இருந்தால்தான் சித்திரம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சியின் பெயரால் பள்ளிக்கூட நாட்கள் குறைய விடாதீர்கள். விளையாட்டு ஒருவனுக்குச் சில ஆண்டுகள்தாம். அந்த மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் ஆடும் மாணவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் ஆட்டத்தால் பிழைப்பவர்கள் அல்லர். ஆசிரியராகவும் பொறியாளராகவும் மருத்துவராகவும் வாழ்பவர்கள். அந்த வாழ்வுக்கு இடம் வைத்துத்தான் அங்கே ஆட்டத்தின் விதிகளை எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டிலும் அந்த விதியை நாமே எழுதிக்கொள்ளலாம்; அதற்குச் சங்கம் தேவையில்லை.