ஓய்வூதியம்: இருவரும் பேசி முடிவெடுங்கள்



ஆலை வேலை நின்றுவிட்டது. கணவருக்கு வயது 50. "இப்போதே பென்சனுக்கு எழுதிப் போடலாம்" என்கிறார். "கொஞ்சம் பொறுங்க, விசாரிப்போம்" என்கிறார் மனைவி. எது சரி?

இது 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். 10 ஆண்டு வேலை செய்தவருக்கு 58 வயதில் முழு ஓய்வூதியம் கிடைக்கும். வேலையை விட்டவர் 50 வயது முதலே கேட்கலாம். ஆனால், முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு 4 வீதம் குறையும். 50 வயதிலேயே வாங்கினால் கால் பங்குக்கு மேல் போய்விடும். குறைந்தது குறைந்ததுதான். 58 வயது ஆனாலும் கூடாது.

கணவருக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி வரும். 1000 ரூபாய்க்குக் குறையாது.

அடுப்பெரிய வேறு வழியில்லையா? வாங்குங்கள். வேறு கூலி வருகிறதா? பொறுங்கள். கையெழுத்துக்கு முன் இருவரும் படியுங்கள்.