களாக்காய்க்கு மிக்ஸி ஆகாது

போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீம் வைத்தார்கள். அதன் தலையில் சிவப்பாய் ஒரு பழம். செர்ரி என்றார்கள். கடித்தேன்; எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம களாக்காயேதான்! கொட்டையை எடுத்து, சாயம் ஏற்றி, பாகில் ஊறப்போட்டால் களாக்காய் செர்ரியாகிவிடுகிறது. களாக்காய்க் கண்ணி சூடிய ஒரு சேரனுக்குக் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் என்றே பெயர். பதிற்றுப்பத்தில் நான்காம் பத்து அவன்மேல் பாடியது. அப்பேர்ப்பட்ட காய்க்குப் பந்தியில் உட்கார மாற்றுப்பெயர் வேண்டியிருக்கிறது.

தோட்ட வேலியில் வளர்க்கிற பெருங்களாவைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஜாம் போடுகிறவர்கள் போடட்டும். நான் சிறுகளா கட்சி. செண்பகத்தோப்புப் பக்கம், அய்யனார் கோயில் பக்கம், மலையடிவாரத்து முள்ளுப்புதரில் மல்லிகை மாதிரி வெள்ளையாய்ப் பூத்து, பட்டாணி அளவுக்குக் காய்க்குமே, அது. 1988-இல் சரணாலயம், 2021-இல் புலிகள் காப்பகம் என்று அந்த மலைக்காடு பாதுகாப்புக்குள் வந்துவிட்டதால் உள்ளே போய்ப் பறிக்கக் கூடாது. பட்டா நிலத்து வேலியில் பறித்துக் கூறு கட்டி விற்பதை வாங்குங்கள்.

ஊறுகாய்க்குப் பழம் ஆகாது, காய்தான். காம்பைக் கிள்ளினால் பால் வடியும், அரளி வகையாயிற்றே. முதலில் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரலெல்லாம் பிசின். அப்புறம்தான் முக்கியமான வேலை. என் அப்பத்தா அம்மியில் நாலைந்து காயை வைத்து, குழவியைத் தூக்கிப் போடமாட்டாள்; சாய்த்து ஒரு அழுத்து. 'டக்'கென்று ஒரு சத்தம். கீறல் விழுந்திருக்கும், விதை நசுங்கியிருக்காது. கீறல் விழணும், விதை நசுங்கக் கூடாது. உடனே உப்புத் தண்ணீரில் போடுவாள். வெள்ளையாய்ப் பால் பிரியும். வடித்து, மறுபடி உப்புப் போட்டு, பீங்கான் ஜாடியில் மூன்று நாள். அதற்குப் பிறகுதான் மிளகாய்ப்பொடி, பெருங்காயம், காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய்.

திரும்பவும் சொல்கிறேன்: கீறல் விழணும், விதை நசுங்கக் கூடாது. கல்யாணமான புதிதில் அவசரப்பட்டு, இரண்டு படிக் காயை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டேன். விதையும் சதையும் கூழாகி ஒரே கசப்பு. அப்பத்தா நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "ஏத்தா, இதுக்கு அந்தச் செடியில முள்ளு எதுக்கு இருக்கு?" என்றாள். ஜாடியோடு குப்பைக் குழிக்குப் போனேன்.