குசினி நிலம்: முதற்காசு அடியில்தான்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு கட்டுவது பற்றிய கூட்டங்களில் கூரையைப் பற்றியும் கதவு யன்னலைப் பற்றியும் நிறையக் கேள்விகள் வரும். குசினி நிலத்தைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். அதுவும் ஒரே கேள்வியாக வரும்: "மாபிள் பதிப்பதா, சீமெந்து போடுவதா?" நான் மேசனும் இல்லை, பொறியியலாளரும் இல்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் அனுபவமுள்ள மேசன்மாரும் சொல்வதை உங்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதே என் வேலை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குசினி நிலம் எத்தனை வருஷம் நிற்கும் என்பது மேலே தெரியும் மாபிளிலோ சிவப்புப் பூச்சிலோ இல்லை. அதற்குக் கீழே இருக்கும் மண்ணிலும் கொங்கிறீற்றிலும்தான் இருக்கிறது. கையில் உள்ள காசை முதலில் அங்கே போடுங்கள். மாபிளை இரண்டு வருஷம் கழித்தும் பதிக்கலாம். மாபிளைப் பதித்த பிறகு அடிமண்ணை இடிக்க முடியாது.

வீட்டிலேயே அதிகம் பாடுபடுவது குசினி நிலம்தான். நாள் முழுக்கத் தண்ணீர் சிந்தும், எண்ணெய் சிந்தும். உரலும் அம்மியும் அங்கேதான். தேங்காய் உடைப்பதும், திருவலையில் இருந்து துருவுவதும், வயதான அம்மா நிலத்தில் இருந்து மரக்கறி வெட்டுவதும் அங்கேதான். அந்த நிலம் வழுக்கினால் இடுப்பு முறியும். ஈரம் ஊறினால் அரிசி மூட்டை பழுதாகும்.

வேலை தொடங்கும் முன் ஒரு விடயம். நிரப்புவதற்கு மண்ணோ கிரவலோ எடுக்கும் இடம் மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட இடம்தானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மண் விற்பவரிடமும் எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள். இடிந்த வீட்டின் கல்லும் ஓடும் நிரப்புவதற்கு உதவும். ஆனால் இடிபாட்டைக் கிளறும்போது அறியாத இரும்புப் பொருள் ஏதும் தென்பட்டால் தொடாதீர்கள், தூக்கி எறியாதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்த வழியாலேயே விலகி, பொலிசாரின் 119 இலக்கத்துக்கு அறிவியுங்கள். உடைந்த அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகடுகளை இடித்து நிரப்ப வேண்டாம். அந்தத் தூசி சுவாசப்பைக்குக் கேடு.

இனி உயரம். குசினி நிலம் முற்றத்தைவிட ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். மாரி காலத்தில் வெள்ளம் எதுவரை வந்தது என்று ஊரில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். அந்த அடையாளத்துக்கு மேலேதான் உங்கள் நிலம் இருக்க வேண்டும்.

நிரப்பும் மண்ணில் வேர், கட்டை, குப்பை இருக்கக் கூடாது. அவை உக்கினால் நிலம் உள்ளே இறங்கும், கறையானும் வரும். மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் 6 அங்குலம் போட்டு, தண்ணீர் தெளித்து, மொங்கானால் இடித்து, அதற்குமேல் அடுத்த 6 அங்குலம் போட வேண்டும். புதிய வீடுகளின் நிலம் வெடிப்பதற்கு இந்த வேலையில் காட்டும் அவசரம் ஒரு முக்கிய காரணம். இதற்குக் காசு குறைவு, உடலுழைப்புத்தான் கூட. அயலவர்கள் கைமாற்றாக ஒருவருக்கொருவர் செய்து கொடுக்கலாம்.

இடித்த மண்ணின் மேல் தடித்த பொலித்தீன் விரிக்க வேண்டும். நிலத்தடி ஈரம் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். ஓட்டை இல்லாத பழைய தறப்பாள் இருந்தால் அதையும் விரிக்கலாம். அதன் மேல் 3 அங்குலக் கொங்கிறீற்று. கலவை 1 பங்கு சீமெந்து, 2 பங்கு மணல், 4 பங்கு முக்கால் அங்குலச் சல்லி. கொங்கிறீற்றின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டால்தான் மேற்பூச்சு நன்றாகப் பிடிக்கும். மேற்பூச்சு அரை அங்குலம். 1 பங்கு சீமெந்துக்கு 3 பங்கு மணல்.

10 அடிக்கு 10 அடி குசினிக்கு இரண்டுக்கும் சேர்த்து 50 கிலோ சீமெந்துப் பை 6 போதும். சேதாரத்துக்கு ஒன்று சேர்த்து 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட மிகக் கூடுதலாக யாராவது கேட்டால் ஏன் என்று கேளுங்கள். மிகக் குறைத்துச் சொன்னாலும் கேளுங்கள்.

கடல் மணல் வேண்டாம். கலவைக்கும் நனைப்பதற்கும் உவர்த் தண்ணீரைத் தவிர்த்து நல்ல தண்ணீர் எடுங்கள். உப்பு இருந்தால் நிலத்தில் வெள்ளை பூக்கும், ஈரம் காயாது. தண்ணீரைக் கூட விட்டால் கலவை இலகுவாக ஓடும், நிலம் பலவீனமாகும். ஒரு பைச் சீமெந்துக்கு 25 முதல் 30 லீற்றர் வரை அளவு. நீர் வெளியேறும் வாசல் பக்கமாக 10 அடிக்கு 1 அங்குலம் சரிவு வையுங்கள். கலவையை வெறுங்கையால் தொடாதீர்கள், வெறுங்காலால் மிதிக்காதீர்கள். சீமெந்து தோலை எரிக்கும்.

போட்டு முடிந்ததும் 7 நாள் நிலத்தை ஈரமாக வைத்திருங்கள். ஈரச் சாக்கு விரிக்கலாம், அல்லது ஓரத்தில் மண் வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். மேசன் போன பிறகு வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை இது. இதை விட்டால் நல்ல சீமெந்தும் தூளாகக் கிளம்பும்.

இப்போது மேற்பரப்புக்கு வருவோம். நன்றாகப் போட்ட சீமெந்து நிலமே ஒரு குசினிக்குப் போதும். சிவப்புத் தூள் கலந்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் குசினியில் அதிகம் மினுக்க வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். மாபிள் வாங்குவதென்றால் நிலத்துக்கென்று செய்த, மினுக்கம் இல்லாத வகையைக் கேளுங்கள். சுவருக்கு ஒட்டும் மாபிள் மலிவாகக் கிடைத்தாலும் நிலத்தில் தாங்காது. பதிக்கும்போது அடியில் வெற்றிடம் இருந்தால் உலக்கை விழும் அன்றே உடையும். பிளாஸ்ரிக் விரிப்பு விறகடுப்புக்குக் கிட்ட ஆபத்தானது. அடுப்பைச் செங்கல் மேடையில் வைத்தால் வெக்கை நிலத்தைத் தாக்காது.

கடைசியாகக் காசு. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டங் கட்டமாகக் கிடைத்தது. இப்படித் தவணையில் பணம் வரும் எந்தத் திட்டத்திலும் சுவரும் கூரையும் முடியும்போது கை வெறுமையாகிவிடலாம். குசினி நிலம் மிஞ்சி நிற்கும். அந்த நேரத்தில் மாபிளுக்காக வாரத் தவணைக் கடன் எடுக்காதீர்கள். மண்ணை இடித்து, சாணகம் மெழுகி, ஒரு வருஷம் சமைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த ஒரு வருஷத்தில் மண் இன்னும் இறுகும், நீங்களும் காசு சேர்க்கலாம்.

மேசனுடன் பேசிய தொகையையும் கலவை அளவையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் சகோதரிகளுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். கூலியில் ஒரு பகுதியைக் கடைசி வரை வைத்திருங்கள். 7 நாள் முடிந்ததும் ஒரு வாளி தண்ணீரை நிலத்தில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் எங்கும் தேங்காமல் வாசலுக்கு ஓட வேண்டும். பிறகு ஒரு தடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். டொக்கென்று வெறும் சத்தம் வரும் இடத்தைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மிச்சக் கூலியைக் கொடுங்கள்.

சந்தேகம் இருந்தால், கொங்கிறீற்று போடுவதற்கு முன்பே உங்கள் பகுதிக்குரிய தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழைத்து இடித்த மண்ணைக் காட்டுங்கள். போட்ட பிறகு அவரால் அதைப் பார்க்க முடியாது.

உங்கள் வீடுகளில் விரைவில் பால் பொங்கட்டும்.