கணக்குப் போட்டது யார்?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சிவில்காரன் மைக்கைப் பிடித்தால் சிமெண்ட் விலையைத்தான் புலம்புவான் என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. இன்றைக்கு ஒரு கம்பியைப் பற்றிப் பேசுகிறேன்.

1981 ஜூலை 17. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி ஹயாத் ரீஜென்ஸி ஓட்டல். கூடத்தில் நடன விழா. மேலே ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் கூட்டத்தின் மீது விழுந்தன. 114 பேர் செத்துப்போனார்கள்.

முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பி இரண்டு பாலத்தையும் தாங்கும். அவ்வளவு நீளத்துக்கு மரை போடுவது கஷ்டம் என்று, செய்து கொடுத்தவர்கள் அதை இரண்டு கம்பியாக்கினார்கள். கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒன்று, மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு ஒன்று. சின்ன மாற்றம்தானே? ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியே பிடித்துத் தொங்குவது வேறு. மேலே தொங்குகிறவன் காலைக் கீழே உள்ளவன் பிடித்துத் தொங்குவது வேறு. மேல்பாலத்து நட்டின் மீது இரண்டு பாலத்தின் பாரமும் ஏறிவிட்டது. இத்தனைக்கும், பழைய அமைப்பே நகர விதி கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும் என்று விசாரணையில் தெரிந்தது.

கணக்குப் போட்டது யார்? இன்ஜினியர் பார்ப்பார் என்று அவர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று இன்ஜினியர் தரப்பு இருந்தது. டிராயிங்கில் முத்திரை மட்டும் விழுந்தது. பிறகு மிசௌரி மாநிலத்தில் இரண்டு பொறியாளர்களின் உரிமம் பறிபோனது.

அமெரிக்காவுக்கு ஏன் போகணும்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மறுநாள் ஸ்லாப் கான்கிரீட். சாயங்காலம் சித்தாள் வேலை செய்யும் அம்மா ஒருத்தர், "சார், அந்த மூலையில முட்டு ஆடுதே?" என்றார். "மேஸ்திரி பார்த்திருப்பாரும்மா" என்றேன். மனசு கேட்கவில்லை, மேஸ்திரியை விசாரித்தேன். "நீங்க பார்த்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

இருவரும் குனிந்து உள்ளே போனோம். முட்டுக்கு அடியில் பலகையே இல்லை, ஈர மண்ணில் நின்றது. ராத்திரியோடு ராத்திரியாகச் சரி செய்தோம். அதிலிருந்து என் சைட்டில் நான், மேஸ்திரி, கம்பி கட்டுபவர் மூன்று பேரும் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மிக்ஸர் ஓடும்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனாலோ என்னவோ, அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.