படகின் அளவு எங்கே இருக்கிறது?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், கோவையில் எங்கள் தெருவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் என்னை நாடி வந்தார். கண்காட்சி ஒன்றுக்காகச் சிறிய மாதிரிப் படகு செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். “ஐயா, பக்கிங்காம் கால்வாயில் ஓடிய சரக்குப் படகுக்கு அளவுப்படம் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என் பழைய பிழையொன்றை நினைவூட்டிற்று. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் கொங்கு நாட்டில் வாய்க்கால்களுக்குக் குறைவில்லை. பழம்பெருமை வாய்ந்த காலிங்கராயன் வாய்க்கால் உண்டு. கீழ்பவானிக் கால்வாய் உண்டு. ஆயினும் இவற்றில் சரக்குப் படகுகள் ஓடக் கண்டவர் இல்லை. இவை பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. வாட்டம் பார்த்து ஓடும் நீரே வயலுக்கு வேண்டும். படகுக்கு வேண்டுவதோ வேகமில்லாத நீர். நீர்மட்டம் மாறும் இடத்தில், முன்னும் பின்னும் கதவுடைய தொட்டி ஒன்றைக் கட்டுவார்கள். இதனை ‘லாக்’ என்பர். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை அடைப்பார்கள். தொட்டியின் நீர்மட்டத்தை உயர்த்தியோ தாழ்த்தியோ அடுத்த பக்கத்து மட்டத்துக்குக் கொணர்வார்கள். பிறகு முன்கதவு திறக்கும்.

கடற்கரையை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாய் அத்தகைய படகு வழியாகும். அதன் முதற்பகுதி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்கு வேலை அளிக்கும் பொருட்டு, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்ப் பகுதி வெட்டப்பட்டது. அக்காலத்துச் சென்னை ஆளுநரின் பெயரே கால்வாய்க்கு அமைந்தது. ஆந்திரத்தின் பெத்த கஞ்சாம் முதல் தமிழ்நாட்டின் மரக்காணம் வரை அதன் நீளம் சுமார் 420 கிலோமீட்டர். விறகும் உப்பும் நெல்லும் அதன் வழியே சென்னைக்கு வந்தன. காற்றிருந்தால் பாய் விரித்தனர். இல்லையேல் கழி ஊன்றினர், அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுத்தனர். இன்று அந்தப் படகுகள் இல்லை. சென்னையில் கால்வாயின் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

இனி என் பிழையைச் சொல்கிறேன். 1980-களின் தொடக்கத்தில் நான் சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்று வந்தேன். பாடத் துணைக்கருவியாக இதே சரக்குப் படகைப் பலகையில் செய்தேன். அளவு கிடைக்கவில்லை, ஆகவே கண்ணுக்கு அழகாக அகலத்தைக் கூட்டினேன், முனையை உயர்த்தினேன். எல்லாரும் பாராட்டினார்கள். பெருமிதத்தோடு அதைக் கையிலேந்திக் கால்வாய்க் கரை வழியே நடந்தபோது, திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அழைத்துப் பார்த்தார். இளமையில் அவர் படகு இழுத்தவராம். படகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வாத்தியாரே, நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எந்த லாக்குல நுழையும்?” என்றார்.

என்னிடம் விடை இல்லை. அவரிடம் அளவு கேட்டு எழுதிக்கொள்ளும் அறிவும் அன்று எனக்கில்லை, வெட்கத்தோடு வந்துவிட்டேன். மறுபடி தேடிச் சென்றபோது அவர் இல்லை. ஒரு படகின் அளவுகளை உடலால் அறிந்த ஒருவரை நான் அவ்வாறு இழந்தேன்.

அவர் கேள்வியிலேதான் நாம் தேடும் விடை இருக்கிறது. படகு போனாலும் அது நுழைந்து சென்ற லாக்கு எங்கேனும் எஞ்சியிருக்கலாம். லாக்கின் அகலத்தை மிஞ்சிய படகு அக்கால்வாயில் சென்றிருக்க முடியாது. பாலத்தின் உயரத்தை மிஞ்சிய கூரையும் அப்படியே. இங்கிலாந்தில் 1766-இல் தொடங்கிய கால்வாய் ஒன்றுக்கு ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் குறுகலான லாக்குகளை வகுத்தார். அதன் பயனாக, அந்நாட்டின் குறும்படகுகள் சுமார் 7 அடி அகலமும் 70 அடி நீளமுமாக அமைந்தன. கட்டடமே படகின் அளவை வகுத்துவிட்டது!

நம் நாட்டுப் படகுகளுக்குப் பெரும்பாலும் காகிதத்தில் படம் இருந்ததில்லை. கண் பார்த்தால் கை செய்யும் என்பதே தச்சரின் கல்வி. ஆயினும் அளந்து வரைந்த சிலர் உண்டு. உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரிஸ், பல நாட்டுப் படகுகளோடு நம் கரையோரப் படகுகளையும் வரைந்து, 1840-களில் நூலாக்கினார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நூலகத்தில் தேடுவோர் இவ்விரு பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவருக்கு நான் சொன்ன முறை இதுதான். பக்கவாட்டில் நேராக எடுத்த பழைய நிழற்படம் ஒன்றைத் தேடுக. அதில் அளவு தெரிந்த பொருள் ஏதேனும் உண்டா எனப் பார்க்க. பிறகு பக்கத்தோற்றம், மேல்தோற்றம், குறுக்குவெட்டு ஆகிய மூன்றையும் வரைக. அளந்து அறிந்த கோட்டைக் கறுப்பு மையிலும், கணக்கிட்டு அறிந்ததை நீல மையிலும், ஊகித்ததைச் சிவப்பு மையிலும் இடுக. சிவப்புக் கோடு குற்றமன்று. அதைக் கறுப்பு மையில் இடுவதே குற்றம்.

இருபதில் ஒரு பங்கு அளவில் செய்தால், 12 மீட்டர்ப் படகு 60 சென்டிமீட்டர் ஆகும். எடையோ இருபதில் ஒரு பங்கு ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 8,000-இல் ஒரு பங்கே ஆகும். சரக்கோடு 8,000 கிலோ எடையுள்ள படகின் மாதிரி, நீரில் அதே மட்டத்தில் மிதக்க 1 கிலோ இருக்க வேண்டும்.

மாணவரின் படகு கண்காட்சியில் இடம்பெற்றது. அருகிலே அவர் வைத்த படத்தில் சிவப்புக் கோடுகளே மிகுதி. பார்க்க வந்தவர்கள் “இது ஏன் சிவப்பு?” என்று கேட்டார்களாம். அவர் செய்த படகு நான் செய்ததைவிட அழகில் குறைந்தது. ஆனால் அது பொய் சொல்லவில்லை.

நண்பர்களே, ஆலப்புழையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் கெட்டுவள்ளம் இன்னும் உண்டு. நமக்கு அருகிலேயே பில்லூர் நீர்த்தேக்கத்தில் மூங்கிற் பரிசல் மிதக்கிறது. அடுத்த முறை பரிசலில் ஏறுமுன், அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டு செல்லுங்கள். விட்டம், ஆழம், மூங்கிற்பட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பின்னுபவரிடம் பணிவோடு கேட்டு, நாளும் ஊரும் குறித்து எழுதி வையுங்கள். நாளை ஒருவர் அளவுப்படம் தேடி வரும்போது, அது உங்கள் ஏட்டிலே இருக்கட்டும். நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேளுங்கள்.